பட்டைவில்லா? சுருள்வில்லா?

விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். ஊரிலிருக்கும் அவருடைய தாய்மாமன் தமது பழைய ஜீப் வண்டியை அவருக்குக் கொடுத்துவிட்டார். வண்டி ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்ததும் நண்பர்கள் கூடிவிட்டனர். அனந்தகிரி மலைக்கு ஓட்டிப் போக வேண்டும், பாறைகளில் ஏற்ற வேண்டும் என்று ஆளுக்கொரு திட்டம்.

"அண்ணா, பின்னால் இருக்கும் பட்டைகளைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் போட்டால்தான் வண்டி காட்டுவழிக்கு ஆகும் என்கிறார்கள். பட்டறையில் கேட்கும் தொகை என் ஓராண்டுப் படிப்புச் செலவுக்குச் சமமாக இருக்கிறது. போடலாமா, வேண்டாமா?" என்றார்.

ஒரே சொல்லில் விடை சொல்லும்படியான கேள்வி அன்று அது. பணம் மட்டுமா? சரிவில் வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே அவருக்குச் சொன்னவற்றை, நம் மன்றத்தின் மற்ற நண்பர்களுக்கும் பயன்படுமென்று கருதி, முறைப்படுத்தி இங்கே எழுதுகின்றேன். பொறியியல் பயிலாத அன்பர்களும் அஞ்ச வேண்டுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வில்லின் மூன்று கடமைகள்

நம் ஊர்ப்புறங்களில் கட்டை வண்டியும் உண்டு; வில் வண்டியும் உண்டு. கட்டை வண்டியில் இருசின் மேலேயே பாரம் நேராக அமர்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் ஏறி இறங்கும். வில் வண்டியில் இருசுக்கும் கூட்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை வளைத்து அடுக்கியிருப்பார்கள். சக்கரம் ஏறும்போது பட்டை வளைந்து கொடுக்கும். மேலே இருப்பவருக்கு அதிர்ச்சி குறையும். இந்நகரத்துப் பட்டறைகளிலும் பட்டைவில்லைக் 'கமானி' என்றே கூறுகின்றனர். 'கமான்' என்னும் உருதுச் சொல்லுக்கும் வில் என்றே பொருள். இரு மொழியாரும் ஒரே உவமையைக் கண்டது வியப்பன்று. பொருளின் வடிவமே அப்படி.

ஆனால் எஞ்சின் பூட்டிய வண்டியில் வில்லமைப்புக்கு மூன்று கடமைகள் உள்ளன. முதலாவது, பாரத்தைத் தாங்குதல். இரண்டாவது, மேடுபள்ளம் எதுவாயினும் டயரை நிலத்தோடு சேர்த்து வைத்தல். மூன்றாவது, இருசை அதன் இடத்தில் நிறுத்துதல். இருசு முன்பின்னாக நகரக்கூடாது, பக்கவாட்டில் வழுகக்கூடாது, எஞ்சினின் முறுக்கால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் கூடாது. மாட்டு வண்டியை மாடு முன்னிருந்து இழுக்கிறது. ஜீப்பிலோ பின்சக்கரமே வண்டியைத் தள்ளுகிறது. அத்தள்ளுவிசை இருசிலிருந்து சேஸிஸுக்குச் செல்ல வழி வேண்டும். மூன்றாம் கடமை மிகக் கடினமாவது இதனால்தான்.

வில்லின் இளக்கத்தை அளக்க எளிய கணக்கொன்று உண்டு. பாரம் அமர்ந்ததும் வில் எத்தனை செ.மீ. தாழ்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 4 செ.மீ. தாழ்ந்தால் வினாடிக்கு இரண்டரை முறை. இது உடலை உலுக்கும். 11 செ.மீ. தாழ்ந்தால் ஒன்றரை முறை, இது இதமானது. பாரம் ஏற்றுவதற்காகச் செய்த ஜீப், ஓட்டுநர் ஒருவரோடு செல்லும்போது குதிப்பதன் காரணம் இதிலேயே விளங்கும். அவர் ஒருவருக்காக அந்த வில் தாழ்வதே இல்லை.

பட்டைவில்: ஒருவரே மூவர் வேலை

பட்டைவில்லின் பெருமை, மூன்று கடமைகளையும் தான் ஒன்றே செய்வது. அதன் முன்முனை சேஸிஸில் ஊசியால் பூட்டப்பட்டிருக்கும். தள்ளுவிசை அவ்வழியே செல்லும். வளைந்த பட்டை நிமிரும்போது நீளும் அல்லவா? அதற்கு இடங்கொடுக்கப் பின்முனையில் ஷேக்கிள் என்னும் ஆடும் துண்டு இருக்கும். நடுவில் இருசை யு-போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டமும் ஓரளவு தானே அடங்கும். உறுப்புகள் மிகக் குறைவு. ஒரு பட்டை முறிந்தாலும் மற்றப் பட்டைகளை நம்பி மெல்ல வீடு சேரலாம். எந்தச் சிற்றூர்க் கொல்லரும் கைவைக்கக் கூடியது.

1947-இல் பம்பாயில் மகீந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய காலம் முதல், பல்லாண்டுகள் நம் நாட்டு ஜீப்புகள் பட்டைவில்லிலேயே ஓடின. 1985-இல் வந்த மாருதி ஜிப்சிக்கு முன்னும் பின்னும் பட்டைவில்தான். 2010-இல் வந்த மகீந்திரா தாருக்கும் பின்புறம் பட்டைவில்லே.

இதன் கணக்கை மாணவர் அறிந்து வைத்தல் நலம். வில்லின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்திற்கும் நேர்விகிதம். பருமனின் கனத்திற்கு நேர்விகிதம். நீளத்தின் கனத்திற்குத் தலைகீழ் விகிதம். கனம் என்றால் ஓர் எண்ணை மும்முறை பெருக்குவது. வில்லை நூற்றுக்குப் பத்து நீளமாக்கினால் விறைப்பு நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்துவிடும். 7 மி.மீ. பட்டைகள் ஐந்துக்குப் பதிலாக 6 மி.மீ. பட்டைகள் எட்டு அடுக்கினால் விறைப்பு ஏறத்தாழ மாறாது. ஆனால் பட்டையில் எழும் தகைவு நூற்றுக்குப் பதினைந்து குறையும். எனவே முறியாமல் இன்னும் சற்று அதிகமாக வளையும். தடித்த சிலவற்றினும் மெல்லிய பல மேல் என்பது இங்கே பாடம். "இன்னும் ஒரு தடித்த பட்டை போடு, வண்டி உயரும்" என்னும் பட்டறை யோசனை பாரம் ஏற்றுவோர்க்குச் சரி; பாறை ஏறுவோர்க்குத் தவறு.

இனிக் குறைகளைக் காண்போம். முதல் கியரில் நான்கு சக்கர ஓட்டத்தைப் பூட்டி, பாறையில் ஏற எஞ்சினை முடுக்குகிறோம். சக்கரம் ஒரு பக்கம் சுழல முயல, இருசு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ள முயலும். தடுப்பதற்குப் பட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. பட்டை பாம்புபோல் இரட்டை வளைவாக நெளியும். பிடி விட்டதும் சட்டென்று நிமிரும். பின்புறம் தடதடவென்று குதிக்கும். புரொப்பல்லர் ஷாப்டின் மூட்டு முறிவது பெரும்பாலும் இந்நேரத்தில்தான். அடுத்த குறை, பட்டைகளுக்கிடையே துருவேறினால் உராய்வு மிகுந்து, சிறு மேடுகளுக்கு வில் அசைவதே இல்லை என்பது.

சுருள்வில்: வேலைப் பங்கீடு

சுருள்வில் பாரத்தைத் தாங்கும். அதற்கு மேல் எதுவும் செய்யாது. இருசைப் பிடித்து நிறுத்த இணைதண்டுகள் வேண்டும். கீழே இரண்டு, மேலே இரண்டு, பக்கவாட்டு வழுக்கலைத் தடுக்கச் சேஸிஸிலிருந்து இருசுக்குக் குறுக்கே ஒன்று. ஆக ஐந்து. குறுக்கே செல்லும் தண்டுக்குப் பிரெஞ்சு மோட்டார் நிறுவனத்தின் பெயரால் பன்ஹார்டு தண்டு என்று பெயர். பட்டை செய்த வேலை பலரிடம் பிரிந்துவிட்டதால், ஒவ்வொன்றையும் அதனதன் வேலைக்கு ஏற்ற அளவில் அமைக்கலாம். வில்லை இளக்கமாக்கலாம், முறுக்கம் பற்றிய கவலை வில்லுக்கு இல்லை. சுருளில் உராய்வு இல்லாததால் சிறு கல்லுக்கும் அசையும். ஆனால் ஆட்டத்தை அடக்குவது முழுவதும் அதிர்வடக்கியின் பொறுப்பாகிவிடும்.

1970-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில்லோடு வந்தது. பின்புறத்தில் பன்ஹார்டு தண்டுக்குப் பதிலாக, டிபரென்ஷியலின் மேல் கூடும் முக்கோணத் தண்டொன்று பக்கவாட்டு விசையையும் தாங்கியது. அமெரிக்க ஜீப் ராங்லர் 1997-ஆம் ஆண்டு மாதிரியில் சுருள்வில்லுக்கு மாறியது. நம் நாட்டில் 2020-இல் வந்த புதிய தார், உறுதியான பின்இருசைப் பல இணைதண்டுகளோடும் சுருள்வில்லோடும் கொண்டு வந்தது. 2023-இல் வந்த மாருதி ஜிம்னி முன்னும் பின்னும் உறுதியான இருசும் சுருள்வில்லும் உடையது.

பன்ஹார்டு தண்டுக்கு ஒரு குறை உண்டு. ஒரு முனை நிலைத்திருக்க மறுமுனை ஏறி இறங்குவதால், அம்முனை வட்டத்தின் வில்லில் செல்கிறது. 90 செ.மீ. தண்டு கிடைமட்டமாக இருந்து, இருசு 10 செ.மீ. இறங்கினால், இருசு ஐந்தரை மி.மீ. பக்கவாட்டில் இழுக்கப்படும். இதைத் தவிர்க்க, நீராவி எஞ்சினுக்காக ஜேம்ஸ் வாட் 1784-இல் உரிமம் பெற்ற இணைதண்டுச் சூழ்ச்சி இன்று வண்டிகளில் பயன்படுகிறது. நடுவில் சுழலும் ஒரு சிறு நெம்பும், இருபுறமும் இரு தண்டுகளும் சேர்ந்து இருசை ஏறத்தாழ நேர்க்கோட்டில் ஏற்றி இறக்கும். 2022-இன் ஸ்கார்ப்பியோ-என் வண்டியிலும், 2024-இன் தார் ராக்ஸ் வண்டியிலும் பின்புறம் இது உள்ளது. இருநூற்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய அறிவு இன்றும் உழைப்பதைப் பாருங்கள்!

ஆயினும் நண்பர்களே, பழைய வண்டியில் இதைப் புதிதாகப் பொருத்துவோர் ஒரு கணக்கை மறந்துவிடுகின்றனர். பின்சக்கரங்கள் நிலத்தை 500 கிலோ விசையோடு தள்ளுவதாகக் கொள்வோம். கீழ்த்தண்டுகள் நிலத்திலிருந்து 30 செ.மீ. உயரத்திலும் மேல்தண்டுகள் 48 செ.மீ. உயரத்திலும் கிடைமட்டமாக இருப்பின், கீழ்த்தண்டுகள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 500 கிலோ அன்று. ஏறத்தாழ 1,330 கிலோ. மேல்தண்டுகளோ 830 கிலோ விசையோடு எதிர்த்திசையில் இழுக்கப்படும். இரண்டின் வேறுபாடே 500. இடம் போதவில்லை என்று மேல்தண்டை 42 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் கீழ்த்தண்டுகளின் சுமை 1,750 கிலோவாக ஏறும். இவ்வளவும் எதில் தாங்கப்படுகிறது? சேஸிஸிலும் இருசுக் குழாயிலும் பற்றவைத்த நான்கைந்து தகடுகளில். தொழிற்சாலையில் சோதித்துச் செய்த பற்றவைப்பு வேறு. பட்டறையில் கண்ணளவில் செய்தது வேறு. ஒரு தகடு பிய்ந்தால், பட்டை முறிந்தது போல மெல்ல வீடு சேர வழியில்லை.

தனித்தனிச் சக்கரம்

மூன்றாவது வகையில் இருசே இல்லை எனலாம். டிபரென்ஷியல் சேஸிஸோடு நிலைத்திருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தன் கையில் தனியாக ஏறி இறங்கும். வில்லுக்குக் கீழே தொங்கும் எடை குறைவு. ஆகவே வேகமாகச் செல்லும்போது டயர் நிலத்தை விடாமல் தொடரும்.

ஆனால் மெதுவாகப் பாறையில் ஏறும்போது நிலைமை வேறு. உறுதியான இருசில் ஒரு சக்கரம் ஏறினால் மறுசக்கரம் கீழே அழுத்தப்படும். டிபரென்ஷியல் கூடும் சேர்ந்து உயரும். தனிச்சக்கர வண்டியிலோ, வில் அமுங்க அமுங்க வண்டியின் வயிறு நிலத்தை நெருங்கும். சக்கரத்தின் ஏற்ற இறக்கமும் அரைத்தண்டு மூட்டுகள் பொறுக்கும் கோணத்தோடு நின்றுவிடும்.

இவ்வகையை நம் மாணவர்கள் நன்கறிவர். பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா என்னும் போட்டி 2007-இல் இந்தூரை அடுத்த பீதாம்பூரில் தொடங்கியது. மாணவர்களே குழாய்ச் சட்டம் பற்றவைத்து, ஒருவர் அமரும் காட்டுவண்டி செய்து, நான்கு மணிநேர நெடுந்தாங்கு ஓட்டத்தில் ஓட்ட வேண்டும். இந்நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவரும் இதில் பங்கு கொள்கின்றனர். அவ்வண்டிகளின் பின்புறத்தில், முன்னால் கீலிட்டுப் பின்னோக்கி நீளும் ஒற்றைக் கையும் காணலாம். எச் வடிவக் கையோடு மேலே ஒரு தண்டு சேர்ந்த அமைப்பும் காணலாம். முன்னதில் உறுப்பு குறைவு, செய்வது எளிது; ஆனால் வண்டி சாயும்போது சக்கரமும் உடன் சாயும். பின்னதில் சக்கரச் சாய்வை நம் விருப்பப்படி அமைக்கலாம். ஆனால் மூட்டுகளும் எடையும் மிகும். அந்த இலேசான வண்டிக்கும் வேகத்துக்கும் தனிச்சக்கரம் பொருந்துகிறது. அதைக் கண்டு பழைய ஜீப்புக்கும் அதுவே உயர்ந்தது என்று முடிவு செய்வது, குதிரைக்குப் போட்ட சேணத்தை எருமைக்குப் பூட்டுவதாகும்.

உயர்த்தும் ஆசை

வண்டியை உயர்த்த வேண்டும் என்னும் ஆசை எல்லாருக்கும் உண்டு. எளிய வழியென்று ஷேக்கிளை நீளமாக்குகின்றனர். 5 செ.மீ. நீட்டினால் இருசின் மேல் வண்டி இரண்டரை செ.மீ. மட்டுமே உயரும், ஏனெனில் ஒரு முனைதான் உயர்கிறது. வில் 110 செ.மீ. நீளமாயின், இருசு ஏறத்தாழ இரண்டரை பாகை திரும்பிவிடும். புரொப்பல்லர் ஷாப்டின் மூட்டுக் கோணங்கள் பொருந்தாமல் அதிர்வு தொடங்கும்.

இதனினும் பெரிது கவிழும் ஆபத்து. சக்கரங்களுக்கிடையே அகலம் 140 செ.மீ., எடை மையம் நிலத்திலிருந்து 70 செ.மீ. என்றால், கணக்கின்படி 45 பாகைச் சரிவில் வண்டி கவிழும். 10 செ.மீ. உயர்த்தினால் 41 பாகையிலேயே கவிழும். இது அசையாத கட்டைக்குரிய கணக்கு. வில் அமுங்கிச் சாய்வதாலும், உள்ளிருப்போர் ஒரு பக்கம் ஒதுங்குவதாலும் உண்மையில் அதற்கு முன்னரே கவிழும்.

உயரத்தை விட நெகிழ்வே முக்கியம். அதை அளக்க ஒரு முறை உண்டு. 20 பாகைச் சாய்தளத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்ற வேண்டும். வேறு சக்கரம் ஒன்று நிலத்தை விட்டு எழும் நேரத்தில், சாய்தளத்தின் மேல் ஏறிய நீளத்தை முன்பின் சக்கர இடைநீளத்தால் வகுத்து 1,000-ஆல் பெருக்க வேண்டும். 2020 தாரின் இடைநீளம் 2,450 மி.மீ. அத்தகைய வண்டி 1,225 மி.மீ. ஏறினால் எண் 500. வண்டியை மாற்றுமுன் ஒருமுறையும் மாற்றியபின் ஒருமுறையும் அளந்து பாருங்கள். செலவழித்த பணத்துக்குப் பயன் கிடைத்ததா என்பதை எண்ணே சொல்லும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை மாற்ற நினைப்போர் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். அதன் பின்னரே பட்டறைக்குப் போக வேண்டும்.

எந்த நிலத்திற்கு எது?

ஐதராபாத்தைச் சுற்றி இருவகை நிலமும் உண்டு. நகரின் கருங்கற் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. உருண்டு திரண்டு கிடப்பவை. அங்கே மெதுவாக, சக்கரம் நன்கு ஏறி இறங்கிச் செல்ல வேண்டும். உறுதியான இருசும் இளகிய சுருள்வில்லும் அங்கே முதலிடம் பெறும். மேற்கே விகாராபாத் பக்கம் மழைக்காலத்துக் கரிசல் சேற்றில் வில்லின் வகையைவிட டயரின் பிடிப்பும், முறுக்கத்தால் குதிக்காத பின்இருசும் முக்கியம். மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரிக்குச் செல்லும் வழியில் நல்ல நிலையிலுள்ள பட்டைவில்லே போதும். நண்பர்களோடு கூடாரமும் தண்ணீரும் பாரமாக ஏற்றிச் செல்வோர்க்குப் பட்டைவில் சிறந்ததும் கூட. வேகமாகப் புழுதி மைதானத்தில் ஓடும் இலேசான வண்டிக்குத் தனிச்சக்கரம்.

இனித் தம்பிக்குச் சொன்ன விடை. "சுருள்வில் உயர்ந்ததுதான், தம்பி. ஆனால் தொழிற்சாலையிலேயே அதற்கென்று பிறந்த வண்டியில் உயர்ந்தது. உன் ஜீப்பில் முதலில் பட்டைகளைக் கழற்றித் துரு நீக்கு. முறிந்ததையும் தளர்ந்ததையும் மாற்று. தேய்ந்த புஷ், ஷேக்கிள் ஊசி, யு-போல்ட்டு ஆகியவற்றைப் புதிதாகப் போடு. பொருத்தமான அதிர்வடக்கி நான்கு வாங்கு. இருசு முறுக்கிக் குதித்தால் அதைத் தடுக்க ஒரு தண்டு போதும். அதையும் அறிந்தவரைக் கேட்டு, அலுவலக அனுமதி பெற்றே போடு. ஆறு மாதம் ஓட்டு. அதன்பின்னும் குறை தோன்றினால் மறுபடியும் பேசுவோம்."

அவர் இராணிகஞ்சிலும் புத்லிபௌலியிலும் கடை கடையாக அலைந்து பொருள்களை வாங்கினார். பட்டைகளைத் துரு நீக்கி அடுக்கும் நாளில் நானும் கூட இருந்தேன். கேட்ட தொகையில் பெரும்பகுதி இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது. சென்ற ஞாயிறன்று நாங்கள் நால்வர் அனந்தகிரி போய்த் திரும்பினோம். வண்டி குலுக்கத்தான் செய்தது, ஆனால் குதிக்கவில்லை.

புதியது அனைத்தும் மேல் என்பதும், பழையது அனைத்தும் மேல் என்பதும் பொறியாளர் சொல்லக்கூடாத சொற்கள். எந்த நிலம், எவ்வளவு பாரம், என்ன வேகம் என்று கேட்டு, அளந்து, கணக்கிட்டு, அதன்பின் கருவியைக் கையில் எடுப்பதே நாம் இங்கே வந்து கற்கும் கல்வியின் பயன்.